நிறத்தைக் கழுவினால் நஞ்சு போகுமா?

 

 

இன்றைய உரையை என்னுடைய ஒரு தவறிலிருந்து ஆரம்பிக்க விரும்புகின்றேன்.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தாய் தன் மகளுடன் என்னிடம் வந்தார். மகளுக்குத் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்தது. தாயின் கையில் முகத்தை வெண்மையாக்கும் ஒரு கிரீம் இருந்தது. "மௌலவி, இதிலே பன்றிக் கொழுப்பு ஏதும் சேர்ந்திருக்குமா? இதைப் பூசினால் வுழூ கூடுமா?" என்று அவர் கேட்டார். நான் அதனை வாங்கிப் பார்த்தேன். எனக்குத் தெரியாத ஒரு மொழியில் ஏதோ எழுதப்பட்டிருந்தது. தயாரித்தவரின் முகவரி இருக்கவில்லை. "பன்றிக் கொழுப்பு இருப்பதாகத் தெரியவில்லை. வுழூச் செய்யும்போது நன்றாகக் கழுவிவிட்டால் போதும்" என்று கூறி அனுப்பிவிட்டேன்.

சில மாதங்கள் சென்றபின் அத்தாய் மீண்டும் வந்தார். மகளின் விரல்கள் நடுங்குவதாகவும், இரவில் உறக்கம் இல்லையென்றும், காரணமின்றிக் கோபமும் அழுகையும் வருவதாகவும் சொன்னார். வைத்தியர் சிறுநீரைப் பரிசோதிக்கச் செய்து, உடலில் பாதரசம் சேர்ந்திருப்பதைக் கண்டறிந்து, அந்தக் கிரீமை உடனே நிறுத்தும்படி கூறியிருந்தார். அல்ஹம்துலில்லாஹ், அப்பிள்ளை இப்போது தேறி வருகின்றாள். தாய் என்னைக் குறை கூறவில்லை. ஆயினும் "கழுவிவிட்டால் போதும்" என்ற என் சொல் என் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்றும் அல்லாஹ் எச்சரிக்கின்றான் (அல்குர்ஆன் 17:36). அந்த எச்சரிக்கை முதலில் எனக்கே உரியது என்பதை அன்று உணர்ந்தேன்.

அதன் பின்னர் இந்தப் பாதரசம் பற்றித் தேடி வாசித்தேன். அறிந்தவற்றை உங்களுக்கு எத்திவைப்பது என் மீதுள்ள கடமை என்று கருதுகின்றேன்.

ஈராக்கின் கோதுமை

சகோதரர்களே! 1971ஆம் ஆண்டு ஈராக் நாட்டில் நடந்த ஒரு துயரத்தைக் கேளுங்கள்.

வரட்சியினால் விளைச்சல் குன்றியிருந்த காலம் அது. அரசாங்கம் வெளிநாட்டிலிருந்து சுமார் 73,000 தொன் கோதுமையையும் 22,000 தொன் வாற்கோதுமையையும் விதைநெல் போல விதைப்பதற்காகத் தருவித்து விவசாயிகளுக்குப் பகிர்ந்தளித்தது. மண்ணில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க அந்த விதைகளுக்குப் பாதரசம் கலந்த மருந்து பூசப்பட்டிருந்தது. அவை உண்பதற்குரியன அல்ல என்பதைக் காட்டுவதற்காகச் செந்நிறச் சாயமும் ஏற்றப்பட்டிருந்தது. ஆனால் சாக்குகளில் இருந்த எச்சரிக்கையோ ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அந்த எழுத்தை வாசிக்கக் கூடிய விவசாயிகள் எத்தனை பேர்?

பல ஊர்களுக்கு விதை வந்து சேர்ந்தபோது விதைப்புக் காலமும் கடந்திருந்தது. வீட்டிலோ பசி. கையிலோ நல்ல கோதுமை. சிலர் அதனைக் கோழிகளுக்கும் ஆடுகளுக்கும் போட்டுப் பார்த்தார்கள். அவற்றுக்கு உடனே ஒன்றும் ஆகவில்லை. சிலர் தானியத்தை நீரில் இட்டுக் கழுவினார்கள். சிவப்புச் சாயம் கரைந்தோடியது. சாயம் போனதும் நஞ்சும் போய்விட்டது என்று நம்பினார்கள். மாவரைத்து, ரொட்டி சுட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லித் தம் பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள்.

ஒரு வாரம் கழிந்தது, இரு வாரங்கள் கழிந்தன. எவருக்கும் ஒன்றும் இல்லை. அதன் பின்னர்தான் விரல் நுனிகளிலும் உதடுகளிலும் விறைப்பு ஏற்பட்டது. நடை தள்ளாடியது. பேச்சுக் குழறியது. பார்வை ஒரு குழாயினூடாகப் பார்ப்பது போன்று சுருங்கியது. சிலருக்குச் செவிப்புலனும் கண்பார்வையும் முற்றாக இழக்கப்பட்டன. 1971 டிசம்பர் இறுதியிலிருந்து வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தன. அனுமதிக்கப்பட்டோர் 6,530 பேர். அவர்களுள் 459 பேர் வைத்தியசாலையிலேயே மரணமடைந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வைத்தியசாலையை எட்டாமலே மாண்டவர்கள் இக்கணக்கில் சேரவில்லை.

அந்த மக்கள் ஹராமை உண்ணவில்லை. கோதுமை ஹலால். உழைத்துப் பெற்ற உணவு ஹலால். நிய்யத்தும் நல்லது. ஆயினும் நஞ்சு தன் வேலையைச் செய்தது. ஏனெனில், கண்ணுக்குத் தெரிந்தது சாயம் மட்டுமே. நஞ்சோ தானியத்தினுள் இருந்தது.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

அன்பார்ந்த நேயர்களே! உண்ட உடனே வருத்தாத நஞ்சு, வாரங்கள் கடந்து மூளையை ஏன் தாக்குகின்றது?

பாதரசம் ஒரு மூலகம். தீயிலிட்டாலும் அது அழியாது, ஆவியாகி வேறிடம் செல்லும். அதன் பல வடிவங்களுள் மிகக் கொடிய ஒன்று மெதைல் பாதரசம் எனப்படுவது. இது உணவுடன் உட்சென்றால் ஏறத்தாழ முழுவதுமே குடலினால் உறிஞ்சப்பட்டுக் குருதியில் கலக்கின்றது.

நம் மூளையைச் சுற்றி அல்லாஹ் ஓர் அற்புதமான காவலை ஏற்படுத்தியுள்ளான். குருதியில் உள்ளவை அனைத்தும் மூளைக்குள் நுழைந்துவிட முடியாது. தேவையான போசணைகளுக்கு மாத்திரம் வாயில் திறக்கப்படும். மெதைல் பாதரசமோ குருதியிலுள்ள ஓர் அமினோ அமிலத்துடன் ஒட்டிக்கொண்டு, மூளைக்கு அவசியமான வேறோர் அமினோ அமிலத்தின் தோற்றத்தைப் பெறுகின்றது. நண்பனின் உடையணிந்த திருடனை வாயிற்காவலன் உள்ளே விடுவது போன்று, அந்தக் காவல் இந்நஞ்சை உள்ளே விட்டுவிடுகின்றது. உள்ளே சென்ற மெதைல் பாதரசத்தின் ஒரு பகுதி அசேதன வடிவத்துக்கு மாறி, பல வருடங்கள் அங்கேயே தங்கிவிடுகின்றது.

உடலின் ஏனைய பகுதிகளிலிருந்தும் அது விரைவாக வெளியேறுவதில்லை. இன்று உடலிலுள்ள மெதைல் பாதரசத்தில் அரைவாசி வெளியேறச் சுமார் 50 நாட்கள் எடுக்கும். எஞ்சியதில் அரைவாசி வெளியேற மேலும் 50 நாட்கள் வேண்டும். சிறு துவாரமுள்ள ஒரு குடத்தை நினைத்துப் பாருங்கள். ஒழுகும் நீரைவிட ஊற்றும் நீர் அதிகமென்றால் குடத்தின் மட்டம் உயர்ந்துகொண்டே போகும் அல்லவா? தினமும் சிறிது சிறிதாகச் சேரும் நஞ்சும் இவ்வாறுதான் மாதக் கணக்கில் உயர்கின்றது. முதல் நாள் ரொட்டி எவரையும் கொல்லவில்லை. தொடர்ந்து உண்ட ரொட்டிகள் கொன்றன.

ஈராக்கில் இதனை ஆராய்ந்தவர்களுள் பக்தாதைச் சேர்ந்த வைத்தியர் ஃபர்ஹான் பாகிர் அவர்களும், குழந்தை வைத்திய நிபுணர் லமான் அமீன் ஸகீ அம்மையாரும் முக்கியமானவர்கள். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீற்றர் வளர்கின்றது. வளரும்போது குருதியிலுள்ள பாதரசத்தையும் தன்னுள் பதித்துக்கொள்கின்றது. ஆகவே ஒரு தாயின் நீண்ட கூந்தலைத் துண்டு துண்டாகப் பரிசோதித்து, கர்ப்பத்தின் எந்த மாதத்தில் எவ்வளவு நஞ்சு அவருடலில் இருந்தது என்பதை ஆய்வாளர்களால் வாசிக்க முடிந்தது. நம்முடைய கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் என்று அல்குர்ஆன் (36:65) மறுமையைப் பற்றி அறிவிக்கின்றது. இம்மையிலேயே ஒரு முடி சாட்சி சொல்வதை அந்த ஆய்வு காட்டியது.

அச்சாட்சி வெளிப்படுத்திய செய்தி பெற்றோரை உலுக்க வேண்டியது. விரல்களில் சற்று விறைப்பு என்பதைத் தவிர வேறு குறையற்றிருந்த தாய்மார் சிலருக்குப் பிறந்த பிள்ளைகள், நடக்கவும் பேசவும் மிகவும் தாமதித்தார்கள். தாய் தாங்கிக்கொண்ட நஞ்சைக் கருவிலிருந்த சிசுவினால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மினமாட்டாவின் படிப்பினை

ஈராக்கில் நடந்தது ஓர் உணவு விபத்து. ஆனால் அதற்கு முன்னரே ஜப்பான் நாட்டில் ஒரு தொழிற்சாலையின் கழிவினால் இதே நஞ்சு ஒரு கடற்கரை மக்களையே சீரழித்திருந்தது. அதனையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில் நாமும் ஒரு தீவில் வாழ்பவர்கள், மீனுண்பவர்கள்.

மினமாட்டா என்பது ஜப்பானின் கியூஷூ தீவிலுள்ள ஒரு சிறு நகரம். அங்கே சிஸ்ஸோ என்ற நிறுவனம் 1932ஆம் ஆண்டு முதல் ஒரு இரசாயனப் பொருளை உற்பத்தி செய்யப் பாதரசத்தைப் பயன்படுத்தி, கழிவைக் கடலில் விட்டது. கடல் பரந்தது, எல்லாவற்றையும் கரைத்துவிடும் என்று எண்ணினார்கள். ஆனால் கடல் அதனை மறைக்கவில்லை. நுண்ணுயிர்கள் உட்கொண்டன. அவற்றைச் சிறு மீன்கள் உண்டன. சிறு மீன்களைப் பெரிய மீன்கள் உண்டன. ஒவ்வொரு படியிலும் நஞ்சு செறிவடைந்தது. இவ்வாறு பெரிய மீனின் தசையில் சேரும் பாதரசம், அது நீந்தும் நீரில் உள்ளதைவிடப் பத்து இலட்சம் மடங்குக்கும் மேலாக அமைய முடியும்.

முதலில் மீனுண்ட பூனைகள் வெறிகொண்டு சுழன்று கடலில் விழுந்து செத்தன. பின்னர் 1956 மே மாதம் முதலாந் திகதி, சிறுமியர் சிலருக்கு இனங்காணப்படாத மூளை நோய் ஏற்பட்டிருப்பதாகத் தொழிற்சாலை வைத்தியசாலையின் பணிப்பாளர் ஹொசொகாவா என்பவர் அறிவித்தார். 1959ஆம் ஆண்டு அவர் தொழிற்சாலைக் கழிவை ஒரு பூனையின் உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார். அதற்கும் அதே நோய் வந்தது. காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் நிறுவனம் அந்த உண்மையை வெளியிடாமல் மறைத்தது. கழிவு மேலும் ஒன்பது ஆண்டுகள், 1968 வரை, கடலில் கலந்துகொண்டேயிருந்தது. 1970ஆம் ஆண்டு நோயுற்றுப் படுக்கையில் இருந்தவாறே ஹொசொகாவா நீதிமன்றத்துக்கு உண்மையைச் சாட்சியமாகக் கூறினார். 2,200க்கும் மேற்பட்டோர் பின்னர் இந்நோயாளிகள் என அரசாங்கத்தால் உறுதிப்படுத்தப்பட்டனர்.

சாட்சியத்தை மறைக்க வேண்டாம், அதனை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குரியது என்று அல்லாஹ் கூறுகின்றான் (அல்குர்ஆன் 2:283). ஓர் உண்மை ஒன்பது ஆண்டுகள் மறைக்கப்பட்டதன் விலையை எத்தனை தாய்மார் செலுத்தினார்கள்!

ஆம், அங்கும் கூடுதலாகத் துன்புற்றவர்கள் கருவிலிருந்த சிசுக்களே. தாய்க்கும் சேய்க்கும் இடையிலுள்ள சூல்வித்தகம் நஞ்சைத் தடுத்துவிடும் என்றே அக்கால வைத்தியர்கள் நம்பியிருந்தார்கள். பெரிய நோய்க்குறி எதுவுமற்ற தாய்மாருக்கு, கை கால் முறுகிய, பேச இயலாத பிள்ளைகள் பிறந்தபோது அந்த நம்பிக்கை பொய்த்தது. பிள்ளையின் தொப்புள்கொடியை உலர்த்திப் பேணி வைப்பது ஜப்பானியரின் வழக்கம். வைத்தியர் ஹராடா அத்தகைய தொப்புள்கொடிகளைச் சேகரித்துப் பரிசோதிக்கச் செய்தபோது அவற்றில் பாதரசம் காணப்பட்டது. இன்று நாம் அறிவது யாதெனில், சிசுவின் குருதியில் மெதைல் பாதரசம் தாயின் குருதியில் உள்ளதைவிடக் கூடுதலாகவே சேர்கின்றது. வளர்ந்தவரின் மூளையில் சில பகுதிகளையே பெரிதும் தாக்கும் இந்நஞ்சு, உருவாகிக்கொண்டிருக்கும் மூளையை முழுவதுமாகப் பாதிக்கின்றது.

பூமியில் குழப்பம் விளைவித்து, விளைச்சலையும் சந்ததியையும் அழிக்க முயல்பவனைப் பற்றி அல்லாஹ் கண்டிக்கின்றான் (அல்குர்ஆன் 2:205). விளைச்சல், சந்ததி ஆகிய இரண்டையும் அவன் ஒருசேரக் கூறியிருப்பதைக் கவனியுங்கள். ஈராக்கில் தானியத்தின் ஊடாகவும், மினமாட்டாவில் மீனின் ஊடாகவும் சந்ததியே தாக்கப்பட்டது.

இது பழைய கதையா?

"இது எங்கோ எப்போதோ நடந்தது, நமக்கென்ன?" என்று ஒருவர் கேட்கலாம். அவ்வாறன்று.

இன்று உலகில் மனிதரால் வெளியிடப்படும் பாதரசத்தின் பிரதான மூலங்கள் சிறு அளவிலான தங்க அகழ்வும் நிலக்கரியை எரிப்பதும் ஆகும். நிலக்கரியில் இயல்பாகவே சிறிதளவு பாதரசம் உண்டு. நம் நாட்டிலும் 2011ஆம் ஆண்டு முதல் புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையில் நிலக்கரியால் மின்சாரம் பெறப்படுகின்றது. ஆகவே நாம் அழுத்தும் ஒவ்வொரு மின்குமிழின் சுவிட்சுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. புகையாகச் செல்லும் பாதரசம் எல்லைகளைக் கடந்து, மழையுடன் இறங்கிக் கடலை அடைகின்றது. நிலத்திலும் கடலிலும் மனிதரின் கைகள் சம்பாதித்தவற்றினாலேயே சீர்கேடு வெளிப்படுகின்றது என அல்குர்ஆன் (30:41) கூறுவதன் பொருளை இக்காலத்தில் நாம் கண்ணாரக் காண்கின்றோம்.

பாதரசம் தனித்த ஒன்றுமன்று. ஈயம் எலும்புகளில் பல தசாப்தங்கள் தங்கி, ஒரு பெண் கருவுறும்போது மீண்டும் குருதிக்கு வரக்கூடியது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் அதனை நிறுத்தியது. பழைய மின்மாற்றிகளின் எண்ணெயில் உள்ள பிசிபி போன்றவையும், டிடிடியும் கொழுப்பில் கரைந்து உடலில் தேங்குபவை. இவ்வாறான அழியா நஞ்சுகளைத் தடுக்கவென 2001இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையும், பாதரசத்தைக் கட்டுப்படுத்தவென 2013இல் மினமாட்டா உடன்படிக்கையும் ஏற்படுத்தப்பட்டன. உலகம் பட்டுத் தெளிந்துதான் இவற்றைச் செய்தது.

மார்க்கம் என்ன கூறுகின்றது?

கண்ணியமிக்க சகோதர, சகோதரிகளே! பூமியில் உள்ளவற்றுள் ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்ணுமாறு அல்லாஹ் மனிதர் அனைவரையும் அழைக்கின்றான் (அல்குர்ஆன் 2:168). ஹலால் என்ற சொல்லுடன் தய்யிப் என்ற சொல்லையும் அவன் சேர்த்துள்ளான். தய்யிப் என்றால் தூயது, நல்லது, தீங்கற்றது. நாம் முதற்சொல்லைப் பற்றிப் பிடித்துக்கொண்டோம், அல்ஹம்துலில்லாஹ். ஹலால் முத்திரையைத் தேடுகின்றோம். பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றோம். ஆனால் இரண்டாம் சொல்லைப் பற்றி எத்தனை தடவை விசாரித்தோம்? அந்தத் தாய்க்கு நான் அளித்த பதிலில் தவறவிட்டதும் அந்த இரண்டாம் சொல்லைத்தான்.

உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் இட்டுக்கொள்ள வேண்டாம் என்பது இறைகட்டளை (2:195). தீங்கு செய்வதும், தீங்குக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்ற கருத்தில் அமைந்த நபிமொழியின் மீதே இமாம்கள் பெரியதொரு சட்ட அடிப்படையைக் கட்டியெழுப்பினார்கள். உம் உடலுக்கும் உம் மீது உரிமை உண்டு என நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கின்றோம்.

ஒரு தடவை நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலினுள் தம் கரத்தை நுழைத்தார்கள். மேற்பரப்பு உலர்ந்திருந்தது. உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி கூறினார். மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவி, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தை அண்ணலார் அறிவித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மேற்பரப்பைப் பார்த்துத் திருப்தியடையாமல் உள்ளே கையிட்டுப் பார்த்த அந்தக் கரம் நமக்கு முன்மாதிரியல்லவா? நனைந்த தானியத்தை மறைத்தவருக்கே இந்த எச்சரிக்கை என்றால், நஞ்சை மறைத்து விற்பவரின் நிலை என்ன?

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, இளம் சகோதரிகளே! வெண்மை கிரீம்களைப் பற்றிய விடயம் இது. தோலுக்கு நிறத்தைக் கொடுக்கும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கின்றது. அதனாலேயே சில தயாரிப்பாளர்கள் அதனைக் கலக்கின்றனர். அது தோலினூடாக உட்சென்று சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதிக்கின்றது. பூசியவரின் கையிலிருந்தும் துவாயிலிருந்தும் வீட்டிலுள்ள சிறு பிள்ளைக்கும் அது தொற்றுகின்றது. தயாரித்தவரின் பெயரும் முகவரியும் இல்லாதவை, சேர்மானங்கள் குறிக்கப்படாதவை ஆகியவற்றை வாங்காதீர்கள். மெர்குரி, கலோமெல், மெர்குரியஸ் குளோரைட் என்ற சொற்கள் காணப்பட்டால் விலகிவிடுங்கள். தங்க, வெள்ளி நகைகளில் படாமல் பூசவும் என்ற அறிவுறுத்தலும் ஓர் அபாய அடையாளமே. ஏற்கனவே பாவித்திருந்தால் நிறுத்திவிட்டு, அதனை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். அல்லாஹ் அழகிய அமைப்பில் படைத்ததாகக் கூறும் மனிதனின் (95:4) நிறத்தில் குறைகாண நாம் யார்?

இங்கே ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பெண் பார்க்கச் சென்று நிறத்தைக் குறை கூறி வரும் வாலிபரே, உங்கள் ஒரு சொல்லுக்காக ஒரு பெண் பாதரசத்தைப் பூசிக்கொள்கின்றாள். நாளை உங்கள் பிள்ளையைச் சுமக்கப் போகும் உடல் அது. மாப்பிள்ளை வீட்டுப் பெற்றோரே, உங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

இரண்டாவதாக, கர்ப்பிணித் தாய்மாரே! மீனைக் கைவிட்டுவிடாதீர்கள். மீன் அல்லாஹ்வின் அருட்கொடை. சிசுவின் மூளை வளர்ச்சிக்கு உதவும் கொழுப்பமிலங்கள் அதில் உள்ளன. பரோ தீவுகளில் திமிங்கில இறைச்சியை உண்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் ஏழு வயதில் மொழி, கவனம், ஞாபகம் ஆகியவற்றில் குறைகள் காணப்பட்டன. ஆனால் நம்மைப் போன்று இந்து சமுத்திர மீனையே அன்றாடம் உண்ணும் சீஷெல்ஸ் தீவுகளில் நடந்த ஆய்வில் அத்தகைய தெளிவான தீங்கு வெளிப்படவில்லை. ஆகவே தேவைப்படுவது மீனைத் துறப்பதன்று, தெரிந்தெடுப்பதே. நெத்தலி, சூடை, சாளை, கும்பளா போன்ற சிறு மீன்களில் பாதரசம் குறைவு. விலையும் குறைவு. நீண்டகாலம் வாழ்ந்து மற்ற மீன்களை வேட்டையாடும் சுறா, வாள்மீன், பெருங்கண் சூரை போன்றவற்றைக் கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தவிர்க்குமாறு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகின்றது. பாதரசம் மீனின் தசைப் புரதத்துடன் பிணைந்திருப்பதால் மஞ்சளிட்டுக் கழுவினாலும், நன்றாகப் பொரித்தாலும் அது நீங்காது.

பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கவென்று சுறா சமைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் மூத்த உம்மாமாரின் அன்பான வழக்கம். அவர்களின் மனதை நோகடிக்காமல், சுறாவுக்குப் பதிலாகச் சிறு மீனைக் கேளுங்கள். இவற்றைக் கேட்டு அஞ்சித் தாய்ப்பாலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மெதைல் பாதரசம் கருப்பையினூடாகச் செல்வதைவிட மிகக் குறைவாகவே பாலினூடாகச் செல்கின்றது. இரண்டு வருடங்கள் பாலூட்டுவதை அல்குர்ஆன் (2:233) எடுத்துக் கூறியுள்ளது. அதன் நன்மை பெரிது.

மூன்றாவதாக, வியாபாரிகளே! எங்கே, யார் தயாரித்தது என்று அறியாத கிரீமை உங்கள் கடையில் அடுக்காதீர்கள். கேட்டு வருபவர் அதிகம், இலாபமும் அதிகம் என்பது மறுமையில் விடையாகாது. தொழில் நடத்துவோரே! பழைய பற்றரி, மின்மாற்றி எண்ணெய், உடைந்த வெப்பமானி, மின்குமிழ் ஆகியவற்றை ஆற்றிலும் களப்பிலும் எறியாதீர்கள். கடல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று மினமாட்டாவிலும் நினைத்தார்கள்.

நான்காவதாக, என் போன்ற உலமாக்களே! மக்கள் நம்மிடம் கேட்கும்போது, நமக்குத் தெரிந்த எல்லையில் நின்று, தெரியாததை அத்துறை அறிந்தவரிடம் அனுப்புவோம். அறியாதவற்றை அறிவுடையோரிடம் கேட்குமாறே அல்லாஹ் பணித்துள்ளான் (16:43). வைத்தியரிடம், ஊரின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்கும்படி கூறுவது நம் மதிப்பைக் குறைக்காது. சந்தேகத்துக்குரிய பொருள் விற்கப்படுவதைக் கண்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு அறிவிப்பதும் தீமையைத் தடுக்கும் பணியே.

அன்பின் பெற்றோரே! நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், உங்கள் பொறுப்பிலுள்ளோர் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்திலான நபிமொழியைப் பல தடவை கேட்டிருப்பீர்கள். பிள்ளையின் ஒழுக்கமும் கல்வியும் மாத்திரமன்றி, அவன் ஓதி மனனமிட வேண்டிய மூளையும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்தான். ஹிப்ழு மத்ரஸாவுக்கு அனுப்ப முன்னர், கருவிலேயே அந்த மூளைக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.

ஈராக்கின் அந்தத் தாய்மார் அறியாமல் ஊட்டினார்கள். அல்லாஹ் அவர்களுக்கு ரஹ்மத் செய்வானாக! நமக்கோ இன்று அறிவு வந்து சேர்ந்துவிட்டது. அறிந்த பின்னரும் சாயத்தை மட்டும் கழுவிவிட்டுத் திருப்தியடைவோமானால் நாம் என்ன பதில் சொல்வோம்?

யா அல்லாஹ்! எங்கள் உணவை ஹலாலாகவும் தய்யிபாகவும் ஆக்குவாயாக! எங்கள் தாய்மாரின் கருவறைகளையும், எங்கள் பிள்ளைகளின் அறிவையும் பாதுகாப்பாயாக! எங்கள் கைகளாலும் நாவுகளாலும் பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பாயாக! அறியாமல் நாங்கள் கூறிய பிழைகளை மன்னிப்பாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.